டிரெசர் பரீட்சையும் நல்லம்மாள் காதில் ஓடிய ரயிலும்

முன்னறையிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் கிளம்பியது.

“அக்கேசியா… ஆசிடம் அசிட்டிகம்… ஆசிடம் போரிகம்… ஆசிடம் கார்பாலிகம்…”

சமையலறையில் மீன் அலசிக்கொண்டிருந்த பவுனம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குரல் ஒரே ராகத்தில் ஏறி இறங்கி ஓடியது. பெல்லடோனா வந்தது. பிஸ்மத் வந்தது. கற்பூரம் வரவேண்டிய நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் ரயில்வே யார்டில் ஓர் என்ஜின் நீளமாக ஊதியது. சரக்கு வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தடதடத்தன. சுவரோரம் சாத்தியிருந்த தட்டு அதிர்ந்து ஓய்ந்தது. குரலும் ஓய்ந்தது.

பவுனம்மாள் மீனும் கையுமாக அப்படியே காத்திருந்தாள். விட்ட இடத்திலிருந்து பிடிப்பாரா? இன்றைக்காவது பிடிப்பாரா?

“அக்கேசியா…” என்றது முன்னறை.

அவள் மீனைச் சட்டியில் போட்ட வேகத்தில் தண்ணீர் சுவர்வரை தெறித்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வரிசையிலிருந்த எல்லா வீடுகளுக்கும் அக்கேசியா தெரியும். அது ஒரு கோந்து என்பதும், பக்கிரிசாமி படிக்கும் மருந்துப் புத்தகத்தின் முதல் மருந்து என்பதும் தெரியும். இரண்டாவது மருந்தும் மூன்றாவதும் தெரியும். புத்தகத்தின் பிற்பாதியில் என்ன இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. பக்கிரிசாமிக்கே அது சரியாகத் தெரியாது. அங்கே போய்ச் சேருவதற்குள் ஒரு வண்டி வந்துவிடும்.

அந்த வண்டிகளைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேறு யாருமல்ல, பவுனம்மாளின் அண்ணன் கன்னையாதான். குவார்ட்டர்ஸும் அவனுடையது. தங்கையையும் தங்கை புருஷனையும் முன்னறையில் குடிவைத்துவிட்டு, யார்டில் நின்று மாப்பிள்ளையின் படிப்பை மணிக்கொருதரம் தடம்புரட்டிக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியுமா? வண்டி ஓடாவிட்டால் வீடு ஏது.

பக்கிரிசாமி டெங்கில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வாத்தியார், ஒரே ஒரு பிரம்பு. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் தட்டினால் பிரம்பு விழும்; விழுந்த பிறகு முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டில் தட்டினாலும் ஓரொன்று ஒன்றுக்குத்தான் திரும்ப வேண்டும். அந்தப் பழக்கம் அவன் எலும்புக்குள் இறங்கிவிட்டது. பிறகு கிள்ளானில் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில், டாக்டருக்குத் துணையாளான டிரெசர் வேலைக்குப் பயிற்சியாளாகச் சேர்ந்தான். காயம் கட்டுவதில் அவன் கை பூப்போல இருக்கும் என்று நோயாளிகள் சொல்வார்கள். வார்டில் யாருக்கு எந்த மருந்து எந்த வேளைக்கு என்பதில் ஒரு பிசகும் வராது. ஆனால் பரீட்சை என்று வந்துவிட்டால் அந்தக் கை வேறு யாருடையதோ ஆகிவிடும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாட்டுக்குப் போய்விடுவான்.

பரீட்சையில் இரண்டு முறை விழுந்தாயிற்று.

முதல் முறை, வெள்ளைக்கார டாக்டர் டிஜிட்டாலிஸைப் பற்றிக் கேட்டார். இருதயத்துக்குக் கொடுக்கிற மருந்து. பக்கிரிசாமி கண்ணை மூடி அக்கேசியாவிலிருந்து மனசுக்குள் நடக்க ஆரம்பித்தான். உதடுகள் மட்டும் அசைந்தன. அதைப் பார்த்த டாக்டர், “ஜெபம் செய்கிறாயா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இடம் தவறிப்போய் மறுபடி அக்கேசியாவுக்கு வந்தான். இரண்டாம் முறை கேட்டது கொய்னா. மலேரியாக் காய்ச்சல்காரர்களுக்கு அவன் தினமும் தன் கையால் கொடுக்கிற கொய்னா. அது இங்கிலீஷ் எழுத்து வரிசையில் எங்கேயோ கடைசியில் கிடந்தது. அவன் பாதரசத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள்.

மூன்றாம் முறைதான் கடைசி. அதிலும் விழுந்தால் ஆஸ்பத்திரியில் இடமில்லை.

“அப்புறம் நம்ம வீட்டுலயும் இடமில்ல மாப்பிள்ளே,” என்று கன்னையா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “டிரெசருக்குத்தான் தங்கச்சியக் குடுத்தேன். பால் வெட்டறவனுக்குக் குடுக்கறதுன்னா தோட்டத்துலயே ஆள் இல்லியா? தவறிப் போனா, அவளக் கூட்டிக்கிட்டு உங்கப்பாகிட்ட போயிடுங்க.”

“மச்சான், நான் படிக்கறேன்ல.”

“படிக்கறதுதான் யார்டு வரைக்கும் கேக்குதே. என்ஜின் டிரைவரே அக்கேசியா அக்கேசியாங்கறான்.”

பவுனம்மாள் அன்றைக்கு எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்று அழுதாள். அவள் வயிற்றில் அப்போது நான்கு மாதம். லயத்தில் விடியுமுன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு பால் மரத்துக்கு ஓடுகிற பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஓட்டத்தில் தன்னையும் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட வீட்டில், அன்று மாலை மறுபடி அக்கேசியா தொடங்கிய அதே நிமிஷத்தில், கதவு தட்டப்பட்டது. யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. அடுத்த வீட்டு நல்லம்மாள்.

நல்லம்மாள் புருஷனை இழந்தவள். மகன் ரயிலில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். பாதிநாள் வீட்டில் இருக்க மாட்டான். அவளுக்கு இல்லாத நோவு கிடையாது. நெஞ்சு எரியும், முட்டி பிடிக்கும், தூக்கம் வராது. அத்தோடு போனால் பரவாயில்லை. மருந்து சொன்னால் வாங்கிக்கொண்டு போகிற ஜாதியில்லை அவள். இது எதுக்கு, உள்ளே போய் என்ன பண்ணும், கூடிப்போனா என்ன ஆவும், போன வாரம் சொன்ன மருந்தோடு சேருமா, சேராட்டி எதை நிறுத்தறது என்று நின்றபடியே வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பாள். எல்லாம் கேட்டுவிட்டு, “எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல தம்பி,” என்று போய்விடுவாள்.

“தம்பி, காதுல ரயில் ஓடுது,” என்றாள் நல்லம்மாள், வாசற்படியில் நின்றுகொண்டு.

பக்கிரிசாமி படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தான். “யார்டு பக்கத்துல குடியிருந்தா காதுல ரயில்தான் ஓடும் அக்கா. கப்பலா ஓடும்?”

“வண்டி இல்லாதப்பவும் ஓடுது. தலையும் கிர்ருங்குது. நேத்து பாசாருக்குப் போய்ட்டு வழியிலயே உக்காந்துட்டேன்.”

“அக்கா, எனக்குப் பரீட்சை இருக்கு.”

“உனக்குப் பரீட்சை எப்பவும்தான் இருக்கு. காது எனக்கு இப்பத்தான்—”

அவன் பொறுமை அங்கே அறுந்தது. “உங்களால நான் நாசமாப் போவணுமா? ஊர்ல ஆஸ்பத்திரியே இல்லியா? பொழுது விடிஞ்சா உங்க நோவு, பொழுது போனா உங்க நோவு. இனிமே இந்தப் படி ஏறாதீங்க.”

கதவை அவள் முகத்துக்கு நேரே அறைந்து சாத்தினான்.

சுவரோரத் தட்டு மறுபடி ஆடியது. சமையலறையிலிருந்து பவுனம்மாள் வந்து நின்றாள். கையில் மீன் வாடை. கண்ணில் நெருப்பு.

“எதுக்கு அப்படிப் பேசினீங்க? வயசானவங்க.”

“நீயும் ஆரம்பிச்சுடாதே.”

“நான் ஒண்ணுதான் கேக்கணும். அக்கா வந்து கேட்டா, நெஞ்செரிச்சலுக்கு சோடா உப்பு, இவ்வளவு, சாப்பிட்டப்புறம்னு உடனே சொல்றீங்க. பேதி மருந்தும் கட்டற மருந்தும் ஒண்ணா குடிச்சா எது ஜெயிக்கும்னு கேட்டாங்களே, அதுக்குக்கூட சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னீங்க. அந்த வெள்ளைக்காரர் கேட்டா மட்டும் ஏன் அக்கேசியாவுலேர்ந்து கெளம்பறீங்க?”

“அது வேற, இது வேற.”

“மருந்து ஒண்ணுதானே?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, போ.”

அவள் போய்விட்டாள். அன்று மீன் குழம்பில் உப்பு இரண்டு பங்கு இருந்தது. அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தான்.

அதற்குப் பிறகு நல்லம்மாள் வரவில்லை. குழாயடியில் பவுனம்மாளைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு குழாயடிக்கும் வரவில்லை. பக்கிரிசாமிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. கதவு தட்டப்படாத மாலைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யார்டில் வண்டிகளும் குறைவு. அவன் அக்கேசியாவிலிருந்து புறப்பட்டு, கற்பூரத்தைத் தாண்டி, டிஜிட்டாலிஸைத் தாண்டி, பாதரசத்தைத் தாண்டி, அபினையும் தாண்டி, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே ஓட்டத்தில் கொய்னாவுக்கு வந்து சேர்ந்தான். வெற்றிக் களிப்போடு உரக்கப் படித்தான். எதற்கு, எவ்வளவு, அளவு மீறினால் என்ன.

அளவு மீறினால்: காதில் இரைச்சல், தலைசுற்றல், காது மந்தம்.

குரல் நின்றது. சமையலறையில் பவுனம்மாள் காது கொடுத்தாள். வண்டி ஒன்றும் வரவில்லையே, ஏன் நின்றார்?

பக்கிரிசாமி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வார்டில் தினமும் கேட்கிற பேச்சுதான் அது. “டிரெசரே, காது ஙொய்ங்குது” என்று ஒரு காய்ச்சல்காரன் சொன்னால், அவன் நின்று, கொய்னா எத்தனை வேளை ஆயிற்று என்று கேட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படுக்கைக்குப் போவான். அதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு வாசற்படியில் ஒருத்தி அதையே வேறு வார்த்தையில் சொன்னாள். அவன் விரலோ அக்கேசியாவில் இருந்தது.

அவன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான்.

நல்லம்மாள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். “அக்கா” என்று கூப்பிட்டான். திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தான். பக்கத்தில் போய் இன்னும் உரக்கக் கூப்பிட்டான். அப்போதும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் கோபித்துக்கொண்டு படுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.

அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

“கொய்னா முழுங்கினீங்களா அக்கா?” என்று காதருகில் கத்தினான். “எவ்வளவு?”

அவள் தலைமாட்டுப் பெட்டியைக் காட்டினாள். ரயில்வே டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரைகள் ஒரு காகிதத்தில் இருந்தன. இன்னொரு துணி முடிச்சில் அழுக்கேறிய மாத்திரைகள். அவை பந்திங்கிலிருந்து வந்தவை. அங்கே ஒரு தோட்டத்தில் அவள் தம்பி வேலை செய்தான். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு கொய்னா கொடுப்பார்கள். அந்தக் கசப்பு அவனுக்கு ஆகாது. முழுங்குவதுபோல் பாவனை செய்து உள்ளங்கையில் மறைத்துச் சேர்த்துவைத்து, ஊருக்கு வரும்போது அக்காவுக்குக் கொடுப்பான். அவனுக்குத் தெரிந்த அன்பு அது. மருந்தை வீணாக்கக்கூடாது என்று நல்லம்மாள் காய்ச்சல் வந்தபோது டிஸ்பென்சரி மாத்திரையையும் விழுங்கினாள், தம்பி மாத்திரையையும் விழுங்கினாள். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அன்று படி ஏறினாள். அத்தனை வருஷத்தில் அவள் கொண்டுவந்த நோவுகளில் அது ஒன்றுதான் அவசரமானது.

பக்கிரிசாமி விம்மி விம்மி அழுதான். நல்லம்மாளுக்கு அவன் என்ன சொல்லி அழுகிறான் என்பது கேட்கவில்லை. “நீ எதுக்கு அழுவுற? பரீட்சை போயிடுச்சா?” என்று கேட்டாள்.

மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்து, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினான். கொய்னாவை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ரயில் நின்றது. காதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. திறந்ததும் முதலில் கேட்டது யார்டு என்ஜினாம். அதையும் குறையாகத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து முன்னறையில் அக்கேசியா கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ்காரர்கள் யாரோ செத்துப்போனதுபோல் வந்து விசாரித்தார்கள்.

பக்கிரிசாமி இப்போது புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு படித்தான். கேட்கிறவனுக்கு எரிச்சல் வருகிற காரியம்தான். கன்னையா தலையில் அடித்துக்கொண்டான். “மூடி வெச்சுக்கிட்டு என்னத்தப் படிக்கறீங்க மாப்பிள்ளே?” பக்கிரிசாமி கண் எதிரே ஓர் ஆளை நிறுத்துவான். அந்த ஆளுக்குப் பெரும்பாலும் நல்லம்மாளின் முகம்தான். அவளுக்குத் தூக்கமில்லை. என்ன கொடுப்பது? அதற்கென்று உள்ள மருந்துகளை எல்லாம் ஒரே குடும்பமாக உட்காரவைப்பான். அவற்றில் அவளுக்கு ஆகாதது எது, ஏன் ஆகாது? கூடினால் உடம்பு எப்படிக் காட்டிக்கொடுக்கும்? வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பான். தப்பாக இருந்தால் நாளைக்கும் அதே நோவு, நாலு நாள் கழித்தும் அதே நோவு. ரயில் ஊதினால் ஊதிவிட்டுப் போகட்டும். அவன் விட்ட இடத்தில் ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தாள். அவளை விட்டுவிட்டு அக்கேசியாவுக்கு ஓட முடியாது.

ஒரே ஒரு கஷ்டம். நல்லம்மாள் நேரில் வந்து கேட்டால்தான் அவனுக்கு மூளை சூடு பிடிக்கும். நல்லம்மாளோ படி ஏற மறுத்தாள்.

“ஏறாதேன்னு சொன்ன படி. எனக்கும் ரோஷம் இருக்குலா.”

பவுனம்மாள் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டாள். வரவில்லை. பக்கிரிசாமி போய்க் கெஞ்சினான்.

“உங்களுக்கு இப்ப எங்க வலிக்குது அக்கா? சும்மா சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் வலிக்கல.”

“நெஞ்சு எரியுமே?”

“எரியல.”

“முட்டி?”

“நல்லாத்தான் இருக்கு.”

வாழ்க்கையில் ஒரு நாளும் நன்றாக இருந்திராத மனுஷி, அவனுக்குத் தேவைப்பட்ட நாளில் முழு ஆரோக்கியமாக நின்றாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினான். கடைசியில் கன்னையாதான் காரியத்தை முடித்தான். அவளைக் குழாயடியில் பார்த்து, “மாப்பிள்ளை சொல்றார், உங்க நோவெல்லாம் சும்மா பொய்யாம்,” என்று கொளுத்திப் போட்டான். அன்று மாலையே நல்லம்மாள் கதவை இடித்தாள். அதற்குப் பிறகு பரீட்சை வரைக்கும் ஒரு நாள்கூட அவள் தவறவில்லை. தன் நோவு தீர்ந்ததும் செத்துப்போன புருஷனின் நோவுகளைக் கொண்டுவந்தாள். அதுவும் தீர்ந்ததும் மாமியாருடையது.

பரீட்சையன்று டாக்டர் எதிரே உட்கார்ந்தபோது பக்கிரிசாமியின் உதடு பழைய வழியில் அசையப் பார்த்தது. அக்கேசியா நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் கேட்டார்: டிஜிட்டாலிஸ் சாப்பிடுகிற ஒருவன் வாந்தி எடுக்கிறான், நாடி மிகவும் மெதுவாக அடிக்கிறது, நீ என்ன செய்வாய்? பக்கிரிசாமி டாக்டரைப் பார்த்தான். வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நல்லம்மாள் நிற்பதுபோல் இருந்தது. ‘அது கூடிப்போனா எனக்கு என்ன ஆவும் தம்பி?’

இதுதான் ஆகும் அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் இங்கிலீஷில் சொன்னான். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கமாட்டேன், படுக்கவைப்பேன், உடனே உங்களைக் கூப்பிடுவேன். டாக்டர் அபினுக்குப் போனார். குழந்தைக்கு அதை ஏன் பயந்து கொடுக்க வேண்டும், கண்ணில் என்ன தெரியும் என்று கேட்டார். சொன்னான். ஏதோ ஒரு தைலத்தைப் பற்றிக் கேட்டதற்குத் தெரியாது என்றான். ஜெபம் செய்யவில்லை. கொய்னாவைப் பற்றி, அத்தனை கண்ணீர் விட்டுப் படித்த அந்தக் கொய்னாவைப் பற்றி, அந்த மனிதர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

ஆனாலும் தேறினான். கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டிரெசர் வேலை, தனி வீட்டோடு. பவுனம்மாள் செய்தியைக் கேட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்துக்கொண்டு அழுதாள். கன்னையா மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “நான் அப்பவே சொன்னேன்ல,” என்றான். என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

சாமான் கட்டுகிற அன்று பிற்பகல் நல்லம்மாள் வந்தாள். தட்டவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தபடி நின்றாள்.

“பாஸ் பண்ணி என்ன பிரயோசனம்?” என்றாள். “இங்க இருக்கறவங்கள விட்டுட்டு ஓடறதுக்கா பாஸ் பண்ணினே?”

“கிள்ளான்தானே அக்கா. வண்டி ஏறினா வந்துடலாம்.”

“எனக்கு வேற வேலை இல்லியா?” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அங்க இருக்கறவங்க குடுத்தத வாங்கிக் குடிச்சிட்டுப் பேசாமப் போற ஜனங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ எல்லாத்தையும் மறந்துடுவே.”

பவுனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உக்காருங்க அக்கா. இப்ப என்ன பண்ணுது உங்களுக்கு?”

“நெஞ்ச அடைக்குது.”

“சாப்பிட்டப்புறமா, சாப்பிடறதுக்கு முந்தியா?”

“பொட்டியப் பாத்ததுலேர்ந்து.”

அவன் பெட்டியைத் திறந்து, சோடா உப்புப் புட்டியைத் தேடி எடுத்து நீட்டினான். எவ்வளவு, எப்போது, எதோடு சேர்க்கக்கூடாது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். அப்படி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“கூடிப்போனா என்ன ஆவும்னு கேக்கலியே அக்கா.”

“நீதான் சொல்லிட்டியே.” புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பெட்டியின் மேலேயே வைத்துவிட்டாள். “எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல தம்பி. நீயே வெச்சுக்க. அங்க யாராச்சும் கேப்பாங்க.”

படி இறங்கினாள். “பவுனு, வெயில் கொளுத்துது, வயித்துப் புள்ளையோட வாசல்ல நிக்காதே,” என்று முகம் பார்க்காமலே சொல்லிவிட்டு, எட்டிக் கதவை அவளே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.